காற்று வழிமறித்தால்...



ஒரு காட்சியைச் சற்றே மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். காஷ்மீரின் குல்மர்க். ஜனவரி மாதத்தின் ஒரு காலைப் பொழுது. இரண்டு நாட்களாகப் பொழிந்த பனி ஓய்ந்துவிட்டது. வானம் நீலமாய் விரிந்து கிடக்கிறது. ஊசியிலை மரங்களின் கிளைகள் வெண்பனியைச் சுமந்து தாழ்ந்து நிற்கின்றன. கொங்டூரி நிலையத்தின் முன் ஒரு நீண்ட வரிசை. காலில் கனத்த காலணி, தோளில் பனிச்சறுக்குப் பலகை, முகத்தில் ஆவல். ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து வந்தவர்கள் அவ்வரிசையில் நிற்கின்றனர். எதிரே அஃபர்வத் மலைச்சிகரம் வெள்ளிக் குன்றாய் ஒளிர்கிறது.

ஆனால், அச்சிகரத்தை நோக்கிச் செல்லும் கம்பிவடம் அசையவில்லை. அதில் தொங்கும் பெட்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. காரணம் கேட்டால் ஊழியர் மேலே கையைக் காட்டி ஒரே சொல்லில் விடை தருகிறார்: "ஹவா!" காற்று!

"வெயில் காய்கிறது, இங்கே ஓர் இலைகூட அசையவில்லை, பின் ஏது காற்று?" என்று வரிசையில் நிற்பவர் முணுமுணுக்கிறார். அவர் சற்று நிமிர்ந்து சிகரத்தின் விளிம்பைக் கூர்ந்து நோக்கினால் உண்மை விளங்கும். அங்கே வெண்மையான மெல்லிய துகில் ஒன்று வானில் பறப்பது போலத் தோன்றும். அது மேகமன்று, காற்று வாரி இறைக்கும் பனித்தூள். கீழே அமைதி நிலவும் அதே வேளையில் மேலே சூறாவளி சுழன்று கொண்டிருக்கிறது.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது நம் முன்னோர் வாக்கு. காற்றை வாய்ப்பாகக் கண்டு பழகியவர்கள் நாம். பனிமலையிலோ கதை வேறு. அங்கே காற்று எழுந்தால் கைகட்டிக் காத்திருப்பதே அறிவுடையோர் வழக்கம். அந்தக் காத்திருப்பை அவர்கள் எவ்வாறு கழிக்கின்றனர்? அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது? இவற்றையே இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

காற்றின் கணக்கு

கம்பிவடத்தில் செல்லும் ரோப் கார் நமக்குப் புதியதன்று. பழனி மலையில் 2004ஆம் ஆண்டிலிருந்து ரோப் கார் இயங்கி வருகிறது. பலத்த காற்று வீசும் வேளைகளில் அது நிறுத்தி வைக்கப்படுவதையும், தண்டவாளத்தில் ஏறும் 'விஞ்ச்' அப்போதும் மக்களை ஏற்றிச் செல்வதையும் நாளேடுகளில் படித்திருப்பீர்கள். காரணம் எளிது. தண்டவாளத்தின் மீது ஊர்வதைக் காற்று எளிதில் அசைத்துவிட இயலாது. அந்தரத்தில் தொங்குவதையோ அது ஊஞ்சலாக்கிவிடும்.

காற்றின் வலிமையைக் கணக்கிடுவதில் பலர் தவறிவிடுகின்றனர். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது ஒரு பொருளின் மீது செலுத்தும் விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் வீசிய காற்று 60 கிலோ மீட்டரை எட்டினால், தொங்கும் பெட்டியின் மீது விழும் அடி நான்கு மடங்கு வலுவானதாகும். ஆகவேதான், "நேற்றும் காற்று வீசியதே, நேற்று ஓடிய லிஃப்ட் இன்று ஏன் ஓடவில்லை?" என்ற கேள்விக்குச் சிறிய வேறுபாடே போதிய விடையாகிவிடுகிறது.

இதில் இருவகை ஆபத்துகள் உள்ளன. பக்கவாட்டில் ஆடும் பெட்டியோ நாற்காலியோ தாங்கு கோபுரத்தில் மோதிவிடலாம் என்பது முதலாவது. கோபுர உச்சியில் வரிசையாக உள்ள சிறு சக்கரங்களின் பள்ளத்தில் ஓடும் வடம், அப்பள்ளத்தை விட்டு வெளியே எகிறிவிடலாம் என்பது இரண்டாவது. எதிரே வரும் காற்றைக் காட்டிலும் பக்கவாட்டிலிருந்து தாக்கும் காற்றே கொடியது. மேலும், ஆள் அமர்ந்த நாற்காலியைவிட ஆளில்லாத நாற்காலியே எடை குறைந்திருப்பதால் அதிகம் ஆடுகிறது.

எனவே, கோபுரங்களின் உச்சியில் காற்றுமானிகளைப் பொருத்தி வைக்கின்றனர். காற்று வலுக்கத் தொடங்கியதும் இயக்குநர் முதலில் வடத்தின் வேகத்தைக் குறைக்கிறார். பின்னர் புதிதாக ஏறுவோரைத் தடுக்கிறார். ஏற்கெனவே ஏறியவர் அனைவரும் நிலையத்தை அடைந்து இறங்கிய பிறகே வடத்தை நிறுத்துகிறார். அந்தரத்தில் ஆட்களைத் தொங்கவிட்டு நிறுத்துவது முறையன்று. இதை மனத்தில் கொண்டால் மற்றோர் உண்மையும் விளங்கும். அனைவரையும் இறக்கி முடிக்கக் கால அவகாசம் தேவை. எனவே, காற்று ஆபத்தான அளவை எட்டும் முன்னரே நிறுத்தும் முடிவை எடுத்தாக வேண்டும். கீழே நிற்பவருக்கு அவசரப்பட்டு மூடிவிட்டதாகத் தோன்றுவது, உண்மையில் சரியான நேரத்தில் மூடியதேயாகும்.

மீண்டும் தொடங்குவதற்கும் நேரம் பிடிக்கிறது. காற்று ஐந்து நிமிடம் ஓய்ந்துவிட்டால் போதாது. ஓய்ந்த நிலையில் நீடிக்க வேண்டும். வடம் ஒவ்வொரு கோபுரத்திலும் உரிய பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா, சக்கரங்களில் பனிக்கட்டி உறைந்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்தாக வேண்டும்.

இத்தனை எச்சரிக்கை எதற்கென்று கேட்பவர்கள், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள சுகர்லோஃப் பனிச்சறுக்குத் தலத்தில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். 2010 டிசம்பர் 28 அன்று, காற்று பலமாக வீசிய ஒரு காலையில், அங்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு நாற்காலி லிஃப்ட்டின் வடம் ஒரு கோபுரத்தில் தடம் புரண்டது. ஐந்து நாற்காலிகள் பனியில் வந்து விழுந்தன. எண்மர் காயமுற்றனர். அந்தரத்தில் சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்க வேண்டியதாயிற்று.

பெருநாளுக்கு முதல் நாள்

அத்தனை தூரம் செல்வானேன்? குல்மர்க்கிலேயே நெஞ்சை உருக்கும் நிகழ்ச்சி ஒன்று நடந்திருக்கிறது.

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோ மீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைப் புல்வெளியே குல்மர்க். பிரிட்டிஷார் 1927ஆம் ஆண்டிலேயே இங்குப் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை நிறுவினர். 'கோண்டோலா' என்று அழைக்கப்படும் ரோப் காரின் முதற்கட்டம் 1998இல் இயங்கத் தொடங்கியது. அது குல்மர்க்கிலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள கொங்டூரி வரை செல்கிறது. 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம், கொங்டூரியிலிருந்து அஃபர்வத் மலையில் 3,950 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. உலகில் இத்தனை உயரத்திற்கு மக்களை ஏற்றிச் செல்லும் ரோப் கார்கள் மிகச் சிலவே.

2017 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் நோன்புப் பெருநாள். பனிக்காலம் கடந்து கோடைக்கால சுற்றுலாப் பயணிகள் குல்மர்க்கை நிறைத்திருந்தனர். கோண்டோலா ஓடிக்கொண்டிருந்தது. திடீரெனச் சுழன்றடித்த காற்று பெருமரம் ஒன்றை வேரோடு சாய்த்தது. அம்மரம் கம்பிவடத்தின் மீது விழுந்தது. ஒரு பெட்டி நிலைகுலைந்து ஆடி, அதன் கண்ணாடிச் சன்னல் உடைந்தது. உள்ளே இருந்த எழுவரும் உயிரிழந்தனர். தில்லியிலிருந்து வந்திருந்த கணவன், மனைவி, அவர்களின் இரு பெண் குழந்தைகள். அவர்களுடன் மூன்று உள்ளூர்க் காஷ்மீரிகள். மற்றப் பெட்டிகளில் தவித்துக்கொண்டிருந்தவர்கள் பின்னர் மீட்கப்பட்டனர்.

அந்த மூன்று காஷ்மீரிகளின் வீடுகளில் மறுநாள் விடிந்த பெருநாள் எத்தகையதாய் இருந்திருக்கும்! தில்லியில் அந்தக் குடும்பத்தின் வருகைக்காகக் காத்திருந்தோர் நிலைதான் என்ன! இதை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, வடம் நின்றதனால் வீணாகிப் போன ஒரு விடுமுறை நாள் பெரிய இழப்பாகவே தோன்றாது.

நின்றுபோன நாளில் செய்வது என்ன?

சரி, கோண்டோலா நின்றுவிட்டது. தொலைதூரத்திலிருந்து வந்த பனிச்சறுக்கு வீரர்கள் என்ன செய்கின்றனர்? புலம்புவோரும் உண்டு. அனுபவசாலிகளோ அன்றைய நாளை வேறு வகையில் பயன்படுத்திக் கொள்கின்றனர்.

முதலாவதாக, அவர்கள் கீழே இறங்கி வருகின்றனர். குல்மர்க் புல்வெளியை ஒட்டிய தாழ்வான சரிவுகளில், பனித்தரையை விட்டு மேலெழும்பாமல் ஆளை இழுத்துச் செல்லும் எளிய இழுவை லிஃப்ட்கள் உள்ளன. பலகை தரையிலேயே ஊர்வதால் காற்றுக்கு அங்கே வேலை குறைவு. மேலே வேகமாய்ப் பாய்ந்து பழகியவர்கள், புதியவர்களோடு சேர்ந்து அந்தச் சிறு சரிவுகளில் தங்கள் அடிப்படைப் பயிற்சியைச் சீர்செய்து கொள்கின்றனர். தாம் மறந்துவிட்ட தவறுகள் மெதுவாய்ச் சறுக்கும்போதுதான் புலப்படும் என்பது அத்துறை ஆசான்களின் கருத்து.

இரண்டாவதாக, காட்டைத் தேடிச் செல்கின்றனர். மரங்கள் காற்றின் வேகத்தைத் தணிக்கின்றன. வெட்டவெளியில் வானமும் பூமியும் ஒரே வெண்மையாய்த் தோன்றி மேடு பள்ளம் தெரியாமல் போகும்போது, மரங்களின் கருமை கண்ணுக்கு வழிகாட்டுகிறது. குல்மர்க்கைச் சுற்றியுள்ள காடுகளின் வழியே இறங்கும் சறுக்குப் பாதைகளுள் ஒன்று பாபா ரிஷி ஜியாரத்தை நோக்கிச் செல்கிறது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த இறைநேசரின் அடக்கத்தலத்தைக் காஷ்மீர் மக்கள் பெரிதும் மதிக்கின்றனர். மரங்களுக்கிடையே சறுக்கி அங்கு வந்து சேர்ந்தவர்கள், ஜீப்பில் ஏறி மீண்டும் குல்மர்க் திரும்புகின்றனர். எனினும், காடும் முற்றிலும் பாதுகாப்பன்று. பெருங்காற்றில் கிளைகள் முறியும். 2017இல் கண்டது போல் மரமே சாயும். மரத்தடியில் கிளைகளுக்குக் கீழே இளகிய பனியால் மூடப்பட்ட குழிகள் இருக்கும். தலைகுப்புற அதில் விழுந்தவர் தாமாக எழுவது அரிது. ஆகவே, தனியே செல்வதில்லை. ஒருவர் மற்றவரின் கண்ணில் படும் தொலைவிலேயே செல்கின்றனர்.

மூன்றாவதாக, நடந்தே ஏறுகின்றனர். லிஃப்ட்கள் தோன்றுவதற்கு முன் பனிச்சறுக்கு என்பதே இதுதான். பலகையின் அடிப்புறத்தில் மயிரடர்ந்த ஒரு பட்டையை ஒட்டிக்கொள்கின்றனர். மயிர் ஒரு திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி வழுக்காது. பண்டைக் காலத்தில் சீல் என்னும் கடல் விலங்கின் தோலால் அதைச் செய்தனர். இன்று நைலானாலும் வெள்ளாட்டு மயிராலும் செய்கின்றனர். நல்ல உடல்வலிமை உள்ளவர் ஒரு மணி நேரத்தில் 300 முதல் 400 மீட்டர் உயரம் ஏறுவர். கோண்டோலா சில நிமிடங்களில் கடக்கும் உயரத்தைக் கடக்க அவர்களுக்கு இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். ஒரே ஒரு முறை கீழிறங்க இத்தனை உழைப்பு! அவ்வாறு உழைத்துப் பெற்ற ஓர் இறக்கத்தின் சுவைக்கு, பத்து முறை லிஃப்ட்டில் ஏறிப் பெற்றதும் ஈடாகாது என்று அவர்கள் கூறுவர். ஆனால், வடத்தை நிறுத்திய அதே காற்று நடப்பவரையும் தாக்கும் என்பதை அவர்கள் மறப்பதில்லை. வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 10 பாகையாக இருக்கையில் மணிக்கு 50 கிலோ மீட்டர் காற்றும் சேர்ந்தால், திறந்த தோலுக்கு அது சுழியத்திற்குக் கீழே 22 பாகை போல் உறைக்கும். எனவே, உச்சியை நாடாமல் தாழ்ந்த, சாய்வு குறைந்த, ஒதுக்குப்புறமான இடங்களையே தெரிவு செய்கின்றனர்.

நான்காவதாக, உயிர்காக்கும் பயிற்சியில் ஈடுபடுகின்றனர். பனிச்சரிவில் புதையுண்டவரைக் கண்டுபிடிக்க உதவும் சிறு மின்னலை வீசிகளை ஒவ்வொருவரும் உடலில் அணிகின்றனர். அத்தகைய கருவி ஒன்றை ஒருவர் பனியில் புதைத்து வைப்பார். மற்றவர்கள் கையிலுள்ள கருவியின் ஒலியைப் பின்பற்றித் தேடி, நீண்ட கோலால் குத்தி இடத்தை அறிந்து, மண்வாரியால் தோண்டி எடுப்பர். கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நிமிடமாயிற்று என்று கணக்கிடுவர். சறுக்குவதற்கு வாய்ப்புள்ள நாளில் இப்பயிற்சிக்கு மனம் வராது. வடம் நின்ற நாளே அதற்கு ஏற்ற நாள்.

ஐந்தாவதாக, ஓய்வெடுக்கின்றனர். விறகு எரியும் புகாரி அடுப்பைச் சுற்றி அமர்ந்து, பலகைகளின் அடிப்புறத்தில் மெழுகு தேய்க்கின்றனர். குங்குமப்பூவும் ஏலமும் மணக்கும் கஹ்வா தேநீர் கைக்குக் கை மாறுகிறது. முன்பின் அறியாதவர்கள் ஒரே அடுப்பின் கதகதப்பில் நண்பர்களாகின்றனர்.

காற்று அடங்கிய பின்னரே ஆபத்து

வாசகர்களே, இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு இப்போது வருகிறோம். காற்று வீசும்போது ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, வடம் நிற்கிறது, யாரும் மேலே செல்வதில்லை. காற்று அடங்கி, வானம் வெளுத்து, மலை சிரிக்கும்போதுதான் மறைந்திருக்கும் ஆபத்து தொடங்குகிறது.

காற்று பனியை ஓரிடத்தில் சுரண்டி வேறோரிடத்தில் கொண்டு சேர்க்கிறது. மலையின் ஒரு புறத்தில் வீசும் காற்று, முகட்டைத் தாண்டியதும் வேகம் தளர்ந்து, சுமந்து வந்த பனியை மறுபுறச் சரிவில் இறக்கி வைக்கிறது. வானத்திலிருந்து புதிதாய் ஒரு துளிப் பனியும் விழாமலேயே சில மணி நேரத்தில் அச்சரிவில் பெரும்பாளம் ஒன்று உருவாகிவிடும். மேலே கெட்டி, கீழே தளர்வு. காலை வைத்தால் சில வேளை உள்ளீடற்ற பறையைத் தட்டியது போன்ற ஓசை எழும். சுற்றிலும் விரிசல் ஓடும். ஒரு மனிதரின் எடையே போதும், முழுப் பாளமும் பெயர்ந்து உருண்டு வர. உயிர்ப்பலி கொண்ட பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றை, அதில் சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோதான் தூண்டிவிட்டிருக்கிறார். புதையுண்டவரை முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரைமணி நேரம் கடந்துவிட்டால் அவ்வாய்ப்பு பெரிதும் குன்றிவிடுகிறது.

இதனால்தான், பெரும்பனியும் காற்றும் ஓய்ந்த பிறகும் அஃபர்வத் செல்லும் இரண்டாம் கட்டத்தை உடனே திறப்பதில்லை. கண்காணிப்புக் குழுவினர் முதலில் சென்று சரிவுகளை ஆராய்கின்றனர். தேவையான இடங்களில் வெடி வைத்துப் பனிப்பாளத்தைத் தாங்களே சரியச் செய்கின்றனர். கீழே வரிசையில் நிற்பவருக்கு அந்த ஒரு நாள், சில வேளை இரு நாள், யுகமாய்த் தோன்றும். "புதுப்பனி வீணாகிறதே!" என்று மனம் துடிக்கும்.

அந்தத் துடிப்புக்குக் கொடுக்கும் விலை சிறியதன்று. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் சரிவில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று மற்றொரு பனிச்சரிவில் ரஷ்ய நாட்டுப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். மலைக்கு நம் அவசரம் தெரியாது. மலையின் நிதானத்தை நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிற நாடுகளில்

காற்றோடு மல்லுக்கு நின்ற வேறு சில இடங்களையும் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலை 1,245 மீட்டர் உயரமே உடையது. ஆனால், 1986 மார்ச் 20 அன்று அதன் உச்சியில் வீசிய காற்று மணிக்கு 173 மைல் வேகத்தை எட்டியது. அங்கே 1961இல் அமைத்த நாற்காலி லிஃப்ட், மணிக்கு 25 மைல் காற்றிலேயே தடுமாறியது. சலித்துப் போனவர்கள், நம் பழனி விஞ்ச்சைப் போலத் தண்டவாளத்தில் ஏறும் ரயிலை அமைத்தனர். 2001ஆம் ஆண்டின் இறுதியில் அது ஓடத் தொடங்கியது. மணிக்கு 75 மைல் காற்றிலும் ஓடும் வகையில் அமைந்த அந்த ரயிலைக் காற்று வெல்லவில்லை. அதைத் தாங்கி நின்ற கட்டுமானத்தின் குறைகள் வென்றன. 2018இல் மூடப்பட்ட ரயில் 2023 ஜனவரியில் மீண்டும் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் நின்றது. 2025இல்தான் திரும்பவும் திறக்கப்பட்டது. ஒரு தடையை வென்றுவிட்டதாக மனிதன் நினைக்கும்போது மற்றொன்று காத்திருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டும் இத்தாலியின் செர்வினியாவும் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் இரு புறங்களில் அமைந்த ஊர்கள். காலையில் ஒரு நாட்டில் சறுக்கத் தொடங்கி, மலை முகட்டைக் கடந்து, மற்ற நாட்டில் பகலுணவு அருந்தித் திரும்பலாம். ஆனால், பிற்பகலில் காற்று எழுந்து உச்சி லிஃப்ட்கள் நின்றுவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். மலையின் குறுக்கே அரை நாளில் கடந்த தொலைவைச் சாலை வழியே சுற்றிச் செல்லப் பல மணி நேரம் பிடிக்கும்; வாடகைக் காருக்குப் பெருந்தொகை அழ வேண்டும். அல்லது மாற்றுடையும் இன்றி அயல்நாட்டில் இரவைக் கழிக்க வேண்டும். எனவே, விவரமறிந்தவர்கள் முகட்டைக் கடக்கும் முன் பிற்பகல் வானிலையை விசாரிக்கின்றனர்; கடைசி லிஃப்ட்டுக்கு வெகு முன்னரே திரும்பிவிடுகின்றனர்.

ஒலிம்பிக் போட்டியும் காற்றுக்கு விலக்கன்று. தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் 2018இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பிப்ரவரி 11 அன்று நடைபெறவிருந்த ஆடவர் டவுன்ஹில் போட்டியைக் காற்றின் காரணமாக 15ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தனர். நான்காண்டு உழைத்த வீரர்கள் நான்கு நாள் காத்திருந்தனர். காத்திருந்து வென்றவர் நார்வேயின் ஆக்செல் லுண்ட் ஸ்விந்தால். அவருக்கு அப்போது வயது 35. அதே வாரத்தில், காற்றுக்கிடையே நடத்தப்பட்ட மகளிர் பனிப்பலகைப் போட்டி ஒன்றில் வீராங்கனைகள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தனர். அதைத் தள்ளி வைத்திருக்க வேண்டுமென்று பலரும் கண்டித்தனர். காத்திருந்ததற்கும் காத்திராததற்கும் உள்ள வேறுபாட்டை உலகமே கண்டது.

நிற்பது வடம் மட்டுமன்று

மீண்டும் குல்மர்க்கிற்கு வருவோம். கோண்டோலா நின்றால் பயணிக்கு ஒரு நாள் மகிழ்ச்சி போகிறது. ஆனால், வழிகாட்டிக்கு? பலகைகளை வாடகைக்கு விடுபவருக்கு? சுமை தூக்குபவருக்கு? நிலையத்தின் அருகே தேநீர் விற்பவருக்கு? தங்மர்க்கிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்குப் பனிக்காலத்தின் சில மாதங்களே ஆண்டு முழுவதற்குமான வருமானம். ஃபெரன் அங்கிக்குள் காங்கடிச் சட்டியின் கனலை அணைத்தபடி வானத்தைப் பார்த்து நிற்கும் அந்த மனிதருக்கும் அன்றைய கூலி தேவை.

அத்தகைய சரிவுகளில் வளர்ந்தவர்தான் ஆரிஃப் கான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர் அவரே. ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45ஆம் இடம் பெற்றார். பனியோடு பிறந்து பனியோடு வளரும் அந்த மக்கள் காற்றின் முகக்குறிப்பை அறிந்தவர்கள்.

ஆனால், அங்கும் ஒரு சோதனை நேர்கிறது. வசதியுள்ள பயணி, "இரட்டைக் கூலி தருகிறேன், எப்படியாவது மேலே அழைத்துப் போ" என்கிறார். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும் ஏழை வழிகாட்டி என்ன செய்வார்? வேண்டாமென்று சொல்ல அவருக்கு மனவுறுதி வேண்டும். அதைக் கேட்காமல் இருக்க நமக்குப் பண்பு வேண்டும். நம்முடைய பணத்தால் பிறர் உயிரைப் பணயம் வைக்க நமக்கு எவரும் உரிமை தரவில்லை. மாறாக, வடம் நின்ற நாளிலும் பேசிய கூலியில் ஒரு பகுதியையேனும் கொடுத்துவிட்டு வருவது நன்று. "இன்று வேண்டாம்" என்று நேர்மையாய்ச் சொன்னதற்காக அவர் பசியோடு வீடு திரும்பும் நிலை வரக்கூடாது.

நீங்கள் செல்வதாயின்

நம்மில் பனிச்சறுக்குப் பழகியவர் மிகக் குறைவே. எனினும், காஷ்மீர்ச் சுற்றுலா செல்லும் தமிழகக் குடும்பங்கள் பலவும் கோண்டோலாவில் ஏற விரும்புகின்றன. அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

கோண்டோலாப் பயணத்தைச் சுற்றுலாவின் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைக்காதீர்கள். முதல் நாட்களிலேயே வைத்துக்கொண்டால், காற்று தடுத்தாலும் மறுநாள் இருக்கிறது. அவசரமும் எழாது.

ஏறும் முன்னரே, இறங்குவதற்கான கடைசி நேரம் எதுவென்று கேட்டு அறியுங்கள். காற்று வலுப்பதாக ஊழியர் கூறினால், புகைப்படத்திற்காகத் தாமதியாமல் உடனே கீழே திரும்புங்கள்.

கோடையாயினும் ஆளுக்கொரு கம்பளி உடையும் குல்லாயும் கையில் இருக்கட்டும். அஃபர்வத் நிலையம் ஏறத்தாழ 13,000 அடி உயரம். அங்கே மூச்சுக் காற்றும் மெலிந்திருக்கும். இதய நோய், மூச்சுத் திணறல் உடையோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் ஏறவேண்டாம்.

ஒருவேளை வழியில் பெட்டி நின்றுவிட்டால் பதறாதீர்கள். அமர்ந்த இடத்திலேயே அமர்ந்திருங்கள். பெட்டியை ஆட்டுவதும், கதவைத் திறக்க முயல்வதும் கூடாது. குழந்தைகளை நடுவில் அமர்த்திப் பேச்சுக் கொடுங்கள். முதன்மை இயந்திரம் பழுதுற்றாலும் பெட்டிகளை நிலையத்திற்குக் கொண்டு சேர்க்க மாற்று இயந்திரங்களும், மீட்புக் குழுவினரும் உண்டு.

குடும்பத்தார் வெவ்வேறு பெட்டிகளில் ஏற நேர்ந்தால், எங்கே சந்திப்பது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். மலையில் கைபேசி எப்போதும் கைகொடுக்கும் என்று நம்ப இயலாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, "இன்று இயங்காது" என்று சொல்லும் ஊழியரோடு வாதாடாதீர்கள். அவரே உங்கள் பிள்ளைகளின் காவலர்.

நம் கடற்கரையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும் மீனவர் தம் படகுகளைக் கரையேற்றுகின்றனர். வலையைப் பழுது பார்க்கின்றனர். கடலை யாரும் ஏசுவதில்லை. அஃபர்வத்தின் அடிவாரத்தில், நின்றுபோன வடத்தின் கீழே, புகாரி அடுப்பருகில் பலகைக்கு மெழுகு தேய்த்துக் கொண்டிருக்கும் அந்த மனிதர்களும் அதே இனத்தவரே. நாளையோ மறுநாளோ வடம் அசையும். அன்று அவர்கள் மேலே செல்வார்கள்; மாலையில் பத்திரமாக இறங்கியும் வருவார்கள்.